பல திறமை வாய்ந்தவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

பல துறைகளில் திறமை உள்ள ஒருவரைத் தமிழில் எப்படிக் குறிப்பது, ‘சகலகலா வல்லவர்’ என்றால் கேலியாகத் தொனிக்கிறது, ‘பன்முகத் திறமையாளர்’ என்றால் இரங்கல் குறிப்பின் நெடி அடிக்கிறது, இவற்றை விட்டால் நல்ல சொல் வேறு இல்லையா என்பது கேள்வி. இருக்கின்றன, தேவைக்கு அதிகமாகவே இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரே பொருளுக்கு உரியவைபோல அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இந்தச் சொற்கள் ஒரே ஆளைக் குறிப்பவை அல்ல. பல நூல்களைக் கற்றுத் தெளிந்தவர் ஒருவர். பல தொழில்களைக் கையால் செய்து முடிப்பவர் இன்னொருவர். ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனத்தைப் பிரித்து வைக்கக்கூடியவர் மற்றொருவர். மூவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் ஒருவருக்கும் அது சரியாகப் பொருந்தாது. ஆகவே சொல்லைத் தேடும் முன், நாம் குறிக்கப்போகும் ஆளிடம் இருப்பது எந்த வகைத் திறமைகள் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதற்குத் தமிழிலேயே ஒரு பழைய பாகுபாடு உண்டு. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம், வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்’ என்று திறமைகளைக் கை, நா, மனம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. நட்பு, தயை, கொடை ஆகியவற்றை மட்டும் ‘பிறவிக் குணம்’ என்று தனியே ஒதுக்கிவிடுகிறது. திறமை என்பது பழகிப் பெறுவது, குணம் என்பது உடன் பிறந்தது என்ற தெளிவு அதில் இருக்கிறது. நம் சொற்களை இந்த மூன்றின் மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பது விளங்கிவிடும். அறிஞர், புலவர், மேதை என்று முடிபவை மனப்பழக்கத்துக்கு உரியவை. நாவலர், பன்மொழிப் புலவர் போன்றவை நாப்பழக்கத்தைச் சார்ந்தவை. வல்லுநர், வித்தகர், கலைஞர் ஆகியவை கைப்பழக்கத்துக்கும் இடம் கொடுப்பவை.

இந்த அடிப்படையில், இன்று எழுத்தில் வழங்கும் சொற்களுள் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது ‘பல்துறை வல்லுநர்’ என்பேன். வல்லுநர் என்ற சொல் அறிவையும் செயலையும் சேர்த்தே குறிக்கும், மிகையாகவும் ஒலிக்காது. ஒருவர் முதன்மையாக ஆராய்ச்சியாளராகவும் நூலாசிரியராகவும் இருந்தால் ‘பல்துறை அறிஞர்’ என்பது இன்னும் துல்லியமாக இருக்கும். இசை, நாடகம், ஓவியம் என்று கலைகளின் பக்கம் சாய்ந்தவராக இருந்தால் ‘பல்துறை வித்தகர்’ பொருந்தும். வித்தகம் என்பது வெறும் தேர்ச்சிக்கு மேலே ஒரு நுட்பத்தைச் சுட்டுவது. ‘நத்தம்போல் கேடும் உளதாகும் சாக்காடும் வித்தகர்க்கு அல்லால் அரிது’ என்ற குறளில் வள்ளுவர், கேட்டையும் ஆக்கமாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தவரை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்.

‘பன்முக ஆளுமை’, ‘பன்முகத் திறமையாளர்’ என்பவற்றை நான் கூடுமானவரை தவிர்ப்பேன். பன்முகம் என்று சொன்ன பிறகு அந்த முகங்கள் யாவை என்று சொல்லாமல் நகர்ந்துவிடும் வாக்கியங்களைத்தான் அதிகம் காண்கிறோம். ஒருவரைப் பற்றி எழுத எதுவும் தெரியாதபோது கைகொடுக்கும் சொல்லாக அது ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ‘பன்முகத்தன்மை’ என்பது இப்போது சமூகத்தின் வேறுபாடுகளைக் குறிக்கும் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டதால், ‘பன்முக’ என்ற அடைமொழியைக் கண்டதும் வாசகரின் மனம் அந்தப் பக்கம் போகிறது.

இதே விபத்து ‘பல்கலை’ என்ற அழகான சொல்லுக்கும் நேர்ந்துவிட்டது. பல கலைகளும் கற்றவர் என்ற பொருளில் கா. சுப்பிரமணிய பிள்ளையை (1888–1945) ‘பல்கலைப் புலவர்’ என்று அழைத்தார்கள். சட்டப் பேராசிரியராகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்து, தமிழ் இலக்கிய வரலாறும் எழுதியவர் என்பதால் அந்தப் பட்டம் அவருக்குச் சரியாகவே பொருந்தியது. ஆனால் நாளிதழ்கள் பல்கலைக்கழகத்தைச் சுருக்கிப் ‘பல்கலை’ என்று எழுதி எழுதி, இன்று ‘பல்கலை அறிஞர்’ என்றால் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். பழைய பட்டமாக மேற்கோள் காட்டலாமே தவிர, புதிதாக ஒருவருக்குச் சூட்ட இயலாது. (பல் என்பதன் புணர்ச்சி பற்றிச் சிலர் ஐயம் எழுப்புவதுண்டு. பழைய முறைப்படி பல்லும் துளியும் சேர்ந்தால் பஃறுளி, பல்லும் தொடையும் சேர்ந்தால் பஃறொடை. அந்தக் கணக்கில் பல்துறையும் பஃறுறை ஆக வேண்டும்தான். அப்படி எழுதினால் நண்பர்களை இழக்க நேரிடும். ‘பல்துறை’ என்றே எழுதலாம்.)

மேலே சொன்ன சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அவை பரப்பைச் சொல்கின்றன, ஆழத்தைச் சொல்வதில்லை. பத்துத் துறைகளைத் தொட்டுப் பார்த்தவரும் பத்துத் துறைகளில் தேர்ந்தவரும் ‘பல்துறை’ என்ற முன்னொட்டுக்குள் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பழந்தமிழ் இந்த இடத்தில் கவனமாக இருந்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வருணிக்கும் பகுதியில், வாதத்துக்கு அழைத்து ஆசிரியர்கள் உயர்த்திய கொடியும் வருகிறது. அந்த ஆசிரியர்களைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ‘பல்கேள்வித் துறைபோகிய தொல்லாணை நல்லாசிரியர்’ என்கிறார். கேள்வி என்பது இங்கே கேட்டுப் பெற்ற கல்வி. ‘பல்கேள்வி’ என்பதில் பரப்பு வந்துவிட்டது. ‘துறைபோகிய’ என்பதில் அந்தத் துறையில் இறங்கி முழுவதும் கடந்தவர் என்ற ஆழமும் வந்துவிட்டது. இரண்டு சொற்களில் இதைவிடச் செறிவாக எதையும் சொல்லிவிட முடியாது. ‘துறைபோதல்’ இன்று பேச்சில் இல்லை என்றாலும், ‘கரைகண்டவர்’ என்பது அதே நீர்த்துறை உருவகத்தின் பிள்ளைதான். ‘இலக்கணத்திலும் இசையிலும் கரைகண்டவர்’ என்று எழுதினால் எந்த வாசகருக்கும் புரியும். அவர் நுனிப்புல் மேய்ந்தவர் அல்லர் என்பதும் கூடவே பதிவாகும்.

இனி ‘சகலகலா வல்லவர்’. இது ஏன் கேலியாக ஒலிக்கிறது என்பதற்குக் காரணம் அதன் சொற்பொருளில் இல்லை, அதன் வாழ்க்கையில் இருக்கிறது. சகல கலை என்பது அறுபத்துநான்கு கலைகளைக் குறிக்கும் மரபுத் தொடர். வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் அறுபத்துநான்கு கலைகளின் பட்டியல் இருக்கிறது. பாட்டு, ஆட்டம், ஓவியம் ஆகியவற்றோடு பூத்தொடுத்தல், சமையல், தச்சு, விடுகதை, கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தல் வரை அதில் வரும். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையில் கணிகையர் வாழ்ந்த தெருக்களை ‘எண்ணெண் கலையோர் இருபெரு வீதி’ என்று குறிக்கிறது. எட்டை எட்டால் பெருக்கினால் அதே அறுபத்துநான்கு. கம்பர் பெயரில் வழங்கும் சரசுவதி அந்தாதியின் காப்புச் செய்யுளான ‘ஆய கலைகள் அறுபத்து நான்கினையும் ஏய உணர்விக்கும் என்னம்மை’ என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாடல்களும் ‘சகலகலாவல்லியே’ என்ற விளியில் முடிகின்றன. அந்தத் தொடர் அப்போது கலைமகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தமக்காகக் கேட்பதோ கணக்காகவே இருக்கிறது. ஒரு பாட்டில் ‘பண்ணும் பரதமும் கல்வியும் தீஞ்சொல் பனுவலும்’ எண்ணும்போது எளிதாக வந்து சேர வேண்டும் என்கிறார். இன்னொன்றில் ‘சொல்விற்பனமும் அவதானமும் கவி சொல்லவல்ல நல்வித்தையும்’ தரக் கேட்கிறார். சகல கலையும் தெய்வத்துக்கு, நாலைந்து கலை புலவனுக்கு என்ற அளவு அங்கே இருந்தது. தெய்வத்துக்குச் சொன்ன தொடரை மனிதர்மேல் ஏற்றும்போது மிகை தானாகவே வந்துவிடுகிறது. மிகை எங்கே வருகிறதோ அங்கே நகைப்பும் கூட வரும். 1982இல் இத்தொடரையே ஆண்பாலில் தலைப்பாகக் கொண்டு ஒரு வெற்றிப்படம் வெளிவந்த பிறகு, சண்டையும் ஆட்டமும் தெரிந்த கதாநாயகனின் உருவம் அதோடு ஒட்டிக்கொண்டது. நண்பர்கள் பேச்சில் செல்லமாகச் சொல்ல அது இன்றும் ஏற்ற சொல். பாராட்டுப் பத்திரத்திலோ நூலின் முன்னுரையிலோ எழுதத் தக்கதன்று.

குமரகுருபரர் கேட்ட வரத்தில் வரும் ‘அவதானம்’ தனியே பேசப்பட வேண்டியது. ஏனெனில் இன்று மிகவும் தவறாகக் கையாளப்படும் சொல் ‘அட்டாவதானி’ (பேச்சில் அஷ்டாவதானி) என்பதுதான். எட்டுத் திறமைகள் கொண்டவர் என்பது அதன் பொருளன்று. அவதானம் என்றால் கவனம். எட்டு வெவ்வேறு செயல்களை ஒரே அமர்வில், ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவியபடி, எதையும் மறவாமல் செய்து காட்டுபவரே அட்டாவதானி. பத்தானால் தசாவதானி, பதினாறானால் சோடசாவதானி, நூறானால் சதாவதானி. தனித்தமிழில் எழுதுவோர் கவனகம், எண்கவனகர், பதின்கவனகர் என்பார்கள். அவையும் நல்ல சொற்களே.

அந்த அரங்கில் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் சொல்லின் எல்லையும் தெரிந்துவிடும். அவதானி நடுவில் அமர்ந்திருப்பார். பின்னால் ஒருவர் அவர் முதுகில் கல்லையோ நெல்லையோ அவ்வப்போது போட்டுக்கொண்டிருப்பார். வேறொருவர் இடையிடையே மணி அடிப்பார். இரண்டின் எண்ணிக்கையும் மனத்தில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். இன்னொருவர் பெரிய எண்களைப் பெருக்கச் சொல்வார். மற்றொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்து முழுப்பாட்டையும் கேட்பார். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களோடு இதைச் செய்து சதாவதானி என்று பெயர் பெற்றார். ஓர் அவையில் அவருக்கு ‘துருக்கனுக்கு ராமன் துணை’ என்று ஈற்றடி கொடுத்தார்களாம். இசுலாமியரான அவரை மடக்குவதற்கென்றே தேர்ந்த அடி. அவர் மூன்றாம் அடியைப் ‘பரத லட்சுமண சத்’ என்று கொண்டுவந்து நிறுத்தினார். ‘சத்’தோடு ‘துருக்கன்’ சேர்ந்தவுடன் ராமனின் கடைசித் தம்பி சத்துருக்கன் வந்து நின்றான். வெண்பாவும் தளை தட்டாமல் முடிந்தது. கல்லும் மணியும் எண்ணிக்கொண்டிருக்கும்போது இப்படிப் பாடுகிற மனத்தைத்தான் அவதானி என்ற சொல் குறிக்கிறது.

ஆகவே அடுப்பையும் தொலைபேசியையும் குழந்தையையும் ஒரே நேரத்தில் கவனிக்கிறவரை அட்டாவதானி என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. காலையில் வழக்கறிஞராகவும் மாலையில் பாடகராகவும் இருப்பவரை அப்படிச் சொல்வதில் அந்த நியாயம் இல்லை. திரையுலகம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. நடிகை, பாடகி, இயக்குநர், தயாரிப்பாளர், எழுத்தாளர் என்று விளங்கிய பி. பானுமதியையும், கதை, வசனம், பாடல், இசை, இயக்கம் அனைத்தையும் தாமே செய்த டி. ராஜேந்தரையும் அந்த உலகம் அஷ்டாவதானி என்றே அழைத்துவந்திருக்கிறது. வழக்கு வென்றுவிட்ட இடத்தில் இலக்கணம் பேசிப் பயனில்லை என்பதும் உண்மைதான். 1953இல் ஒரே படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் இயக்கித் தாமே நடித்த பானுமதியைப் பொறுத்தவரை, ஒரே நேரத்தில் பல கவனம் என்ற பழைய பொருளும் ஓரளவு பொருந்தவே செய்கிறது.

இரண்டு துறைகள் மட்டும் என்றால் ‘பல்’ என்பதே மிகை. இங்கே ‘உபய’ என்ற முன்னொட்டு உதவும். வடமொழி மறையிலும் தமிழ் மறையிலும் தேர்ந்தவரை வைணவர்கள் உபயவேதாந்தி என்பார்கள். இரு கைகளாலும் அம்பு எய்தமையால் அர்ச்சுனனுக்குச் சவ்யசாசி என்று ஒரு பெயர் உண்டு. அதை இரு துறை வல்லவருக்கு உவமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இன்றைய வாசகருக்கு விளக்கம் தேவைப்படும். ஒரே துறைக்குள் பல வகை தெரிந்தவருக்கும் தனிச்சொல் இருந்திருக்கிறது. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவியும் பாட வல்லவர் என்பதால்தான் அகப்பொருள் விளக்கம் செய்த நம்பி ‘நாற்கவிராசர்’ ஆனார். இயல், இசை, நாடகம் மூன்றும் அறிந்தவர் முத்தமிழ் வித்தகர். அறிவியலில் பட்டம் பெற்று, பின் தமிழ்ப் பேராசிரியராகி, கணக்கின் துணையோடு பழைய யாழ்களை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட விபுலாநந்த அடிகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அதிலும் அவருடைய அறிவியல் பக்கம் விடுபட்டுப் போயிற்று என்பது வேறு செய்தி.

இந்தச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பல திறமைகளை ஒரே சொல்லில் திரட்டுவதைவிட, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எண்ணுவதே தமிழின் இயல்பான வழி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மனை எடுத்துக்கொள்ளலாம். செங்கல், மரம், உலோகம், சுதை இவை இல்லாமல் பாறையிலேயே கோயில் குடைவித்ததைச் சொல்லும் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெயர் ‘விசித்திரசித்தன்’. ஓவியத்துக்காகச் ‘சித்திரகாரப்புலி’. தான் எழுதிய அங்கத நாடகத்தின் பெயரோடு ஒட்டி ‘மத்தவிலாசன்’. ‘பல்துறை வல்லுநர்’ என்று ஒரே வரியில் அவனை முடித்திருந்தால் இத்தனையும் மறைந்திருக்கும். ‘ஓவியர்களுள் புலி’ என்பதைப் படிக்கும்போதுதான் அவன் தூரிகை பிடித்தவன் என்பது நமக்குத் தெரிகிறது.

வேதாந்த தேசிகருக்கு (1268–1369) வழங்கும் பட்டங்களும் இப்படியே. ‘கவிதார்க்கிக சிம்மம்’ என்பது கவிஞர்களுக்கும் தருக்கவாதிகளுக்கும் சிங்கம் என்று இரண்டைத் தனித்தனியே எண்ணுகிறது. எல்லாக் கலையும் தன்வசமானவர் என்னும் ‘சர்வதந்திர சுதந்திரர்’ என்ற மற்றொரு பட்டத்துக்குத்தான் சோதனை வந்தது என்கிறது மரபு. எல்லாம் தெரியும் என்றால் கிணறு கட்டத் தெரியுமா என்று கொத்தர் ஒருவர் கேட்டு, வேண்டுமென்றே கோணலான செங்கற்களைக் கொடுத்தாராம். திருவயிந்திரபுரத்தில் தேசிகர் கட்டியதாக ஒரு கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, பொதுப் பட்டம் சூட்டினால் அதற்குக் கொத்தரிடம்கூடப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை அந்தக் கதை சொன்னவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தமிழ் வாக்கிய அமைப்பும் இந்த எண்ணும் முறைக்கே ஒத்துழைக்கிறது. ‘உம்’ இருக்கும்போது நமக்கு என்ன கவலை? “சித்த மருத்துவரும் இசை ஆராய்ச்சியாளரும் வேளாண்மையில் ஈடுபாடு கொண்டவருமான ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார்” என்ற வாக்கியத்தில் ‘பன்முக’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. “கவிஞரும் கீர்த்தனை இயற்றியவரும் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியருமான பெரியசாமி தூரன்” என்பதும் அப்படியே. இப்படி எண்ணாமல் விட்டால் பொதுமக்கள் தாங்களே ஒன்றைத் தேர்ந்து ஒட்டிவிடுவார்கள். 1954இல் பாடலே இல்லாத தமிழ்த் திரைப்படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர், நடிகராகவும் இசையமைப்பாளராகவும் இருந்தும், வரலாற்றில் ‘வீணை’ பாலசந்தராகவே நிலைத்தார்.

கையால் செய்யும் வேலைகளுக்கு வரும்போது நம் எழுத்துத்தமிழ் சற்றுக் கஞ்சத்தனம் காட்டுகிறது. மின்இணைப்பு, தச்சு, குழாய் வேலை, பூச்சு என்று எதைக் கொடுத்தாலும் முடித்துத் தருபவரைப் பல்துறை வல்லுநர் என்று யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் தவறும் இல்லை. பேச்சில் ‘எல்லா வேலையும் தெரிந்தவர்’, ‘நல்ல வேலைக்காரர்’, ‘கைதேர்ந்தவர்’ என்கிறோம். இவற்றுள் ‘கைதேர்ந்த’ என்பதை எழுத்திலும் தயங்காமல் எடுத்தாளலாம். ‘கைகாரர்’, ‘கில்லாடி’ என்பவற்றில் திறமையோடு தந்திரமும் கலந்து ஒலிக்கும் என்பதால் ஆளறிந்து பயன்படுத்த வேண்டும். ‘எடுபிடி’ என்பது பல வேலை செய்பவரைத்தான் குறிக்கிறது, ஆனால் மதிப்பில்லாமல்.

மதிப்பில்லாத சொற்கள் என்று வந்தபின் மற்றவற்றையும் சொல்லிவிடலாம். ‘எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்’ என்பது தெரியாததையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவருக்கு. ‘அரைவேக்காடு’ என்பது முடியும் முன்பே இறங்கிவிட்டவருக்கு. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்ற பழமொழியை, பல தொழில் தெரிந்தவர் எதிலும் தேர்ந்தவராக இருக்க மாட்டார் என்ற பொருளில் சிலர் எடுத்தாள்கிறார்கள். அந்தத் தச்சனுக்குத் தொழில் ஒன்றுதான். தேர்வு செய்ய முடியாமல் நிற்பதே அவன் குறை. முடிவெடுக்கத் தயங்குபவருக்கு அது பொருந்தும், பலகலை கற்றவருக்குப் பொருந்தாது. பல அறிந்தவர்மேல் ஐயம் கொள்வது நமக்கு மட்டும் உரியதும் அன்று. நிறையக் கற்பது அறிவைத் தந்துவிடாது என்று கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் பித்தாகரஸின் பெயரையே சொல்லித் தாக்கினார். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவரும் கவிஞரும் நூலகருமான எரடோஸ்தனீஸுக்கு, எல்லாவற்றிலும் இரண்டாம் இடம் என்று குத்திக்காட்டும் விதமாக, இரண்டாம் எழுத்தான ‘பீட்டா’ பட்டப்பெயராக அமைந்தது.

அந்தக் கிரேக்க வழியில் வந்த ‘பாலிமத்’ என்பதற்கு நிகர் கேட்பவர்களுக்கு, அதன் வேர் கற்றலைச் சுட்டுவதால், ‘பல்துறை அறிஞர்’ என்பதே நேர்ச்சொல். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் லியோனார்டோ டா வின்சியை மனத்தில் வைத்து ஆங்கிலத்தில் வழங்கும் தொடரைச் சிலர் ‘மறுமலர்ச்சி மனிதர்’ என்று பெயர்க்கிறார்கள். தமிழில் மறுமலர்ச்சி என்றதும் சமூகச் சீர்திருத்தமும் அரசியலும் நினைவுக்கு வருகின்றனவே ஒழிய, ஓவியமும் உடற்கூறும் ஒருசேரக் கற்ற ஒருவர் நினைவுக்கு வருவதில்லை. ‘ஆல்ரவுண்டர்’ மட்டும் பெயர்ப்பு தேவையில்லாமல் தமிழாகிவிட்டது. மட்டையும் பந்தும் இரண்டும் கைவந்தவர் என்ற அதன் விளையாட்டுப் பொருள் தெளிவானது. 93 டெஸ்ட் போட்டிகளில் 8,032 ஓட்டங்களும் 235 விக்கெட்டுகளும் எடுத்த கார்ஃபீல்ட் சோபர்ஸைக் குறிக்க அதற்கு மாற்று தேட வேண்டியதில்லை. அங்கிருந்து அலுவலகப் பேச்சுக்கும் அது வந்துவிட்டது. எந்தப் பொறுப்பையும் ஏற்கக்கூடியவர் என்ற பொருளில் பேச்சில் சொல்லலாம். முறையான எழுத்தில் ‘பல்திறன் பணியாளர்’ பொருந்தும். ‘பல்நோக்குப் பணியாளர்’ என்பது அரசுப் பதவிப் பெயராக வழங்குகிறது. அந்த இடத்துக்கு வெளியே அதை ஒருவருடைய திறமைக்கு அடைமொழியாக்குவது சரியன்று. நோக்கம் என்பது அவரைப் பயன்படுத்துபவருடையது, திறன்தான் அவருடையது.

பால் பற்றியும் ஒரு சொல். வல்லவன், வல்லி என்று பிரிந்து நிற்கும் சொற்களில் பெண்ணுக்குரியது தெய்வப்பெயராகிவிட்டதால், நடைமுறையில் எஞ்சியது ஆண்பால் மட்டுமே. வல்லுநர், வித்தகர், அறிஞர் என்ற ‘அர்’ ஈறுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பானுமதிக்கும் தூரனுக்கும் அதே சொல் போதும்.

ஆனால் அந்த ‘அர்’ ஈறு மரியாதை ஈறும்கூட என்பதால், தன்னைப் பற்றி எழுதும்போது இந்தச் சொற்களில் ஒன்றுமே உதவாது. வேலைக்கான தன்விவரக் குறிப்பில் ‘நான் ஒரு பல்துறை வல்லுநர்’ என்று எழுதுகிறவர், தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிறார். தமிழில் தன் திறமையைச் சொல்லப் பட்டப்பெயர் தேவையில்லை. “மென்பொருள் எழுதுவதில் தேர்ச்சியும், மொழிபெயர்ப்பிலும் பக்க வடிவமைப்பிலும் பயிற்சியும் எனக்கு உண்டு” என்று நான்காம் வேற்றுமையில் எழுதினால் போதும். தேர்ச்சி எதில், பயிற்சி எதில் என்று பிரித்துச் சொல்ல அந்த வாக்கியம் இடம் தருகிறது. ஆழம் இருக்கும் இடமும் பழக்கம் மட்டும் இருக்கும் இடமும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.